இரண்டாவதன் பங்கு

அப்பாவுக்கு ஒரு பக்கக் கன்னம்தான் மழித்து முடித்திருந்தாள், வாசல் மணி அடித்தது. நுரையை அப்படியே விட்டுவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள். அப்பாவோடு பன்னிரண்டு வருஷமாக ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர் மூச்சு வாங்க நின்றார்.

"எப்பம்மா?"

"காலையில ஆறு மணிக்கு. அக்கா ஃப்ளைட்ல வந்துட்டிருக்கா."

கட்டிலருகே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கடைசியா ஏதாவது சொன்னாரா?"

அதை யாரிடமாவது சொல்ல மாட்டோமா என்றுதான் அவளும் தவித்துக்கொண்டிருந்தாள். ஏழு வருஷமாக வேலையை விட்டுவிட்டு இந்த வீட்டில் கிடக்கிறாள். யார் விசாரித்தாலும் மூத்தவளைப் பற்றி அரைமணி நேரம் அளப்பார் அப்பா. "ரெண்டாவதா? அது வீட்லதான் இருக்கு." இவளுக்கு அவ்வளவுதான். அந்த மனுஷன் இன்று விடியும்போது இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார். இவள் அழுதே விட்டாள். ஏழு வருஷத்துக்கும் அது போதும் என்றிருந்தது.

"சின்னதுன்னு விட்டுட்டேம்மா, ரெண்டாவதைக் கணக்குலயே சேர்க்கல, தப்பு பண்ணிட்டேன்னாரு."

"அடடா! ஒத்துக்கிட்டாரா?" சாவு வீடு என்பதே பேராசிரியருக்கு மறந்துபோயிற்று. "எலக்ட்ரான் போய் புரோட்டான் மேல மோதுறப்ப நடுவுல ஒரு ஃபோட்டான் கைமாறும்மா. சில நேரம் ரெண்டு. ரெண்டாவதோட பங்கு ரொம்பச் சின்னது, விட்டுடலாம்னு சார் ஒத்தக்கால்ல நின்னாரு. அதையும் சேர்த்தாத்தான் புரோட்டானோட அளவு ஒத்து வரும்னு நான் கத்தாத நாளில்ல!"

தலையணைக்கடியிலிருந்த நோட்டை எடுத்துப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் அந்த மோதலை அப்பா முன்பு வரைந்திருந்த படம். ஃபோட்டானுக்குப் பேனாவில் ஒரு நெளிகோடு. பக்கத்திலேயே பென்சிலில், நடுங்கிய கையால், புதிதாக இன்னொன்று.

"ஓ," என்றாள்.

"இத நான் எடுத்துக்கட்டுமா? கட்டுரையில உங்களுக்கும் நன்றி போடணும். உங்க பேரு...?"

ஏழு வருஷமாக இவள் கையால் டீ வாங்கிக் குடித்தவர்.

"ரெண்டாவது மகள்னு போடுங்க. போதும்."

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். நுரை காய்ந்துபோயிருந்தது. பிரஷ்ஷை நனைத்து மறுபடி குழைத்தாள்.

"இந்தப் பக்கம் திரும்புங்கப்பா," என்றாள், தினமும் சொல்வதுபோல. சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.