மாட்டேன் என்றே சொல்லுங்கள்

வெங்கடேஸ்வரனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன என்று டாக்டர் சொன்ன வாரமே, யாருடையதை எடுத்து வைப்பது என்று மகர்பட்டாவில் இருக்கும் அவர் வீட்டில் முடிவாகிவிட்டது. அது தன்னுடையது என்பதே அவர் தங்கை பாமாவுக்கு, மன்னி ஸ்ரீலக்ஷ்மி சென்னைக்கு போனில் பேசியது காதில் விழுந்துதான் தெரியும்.

"பாமாவுக்கும் அதே பிளட் குரூப்தான். அவளுக்கென்ன, குழந்தையா குட்டியா? ஸ்கூலுக்கு லீவு போட்டா முடிஞ்சுது."

பாமாவுக்கு நாற்பத்திரண்டு வயது. வானவடியில் ராணுவக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பா போன பிறகு தன்னைப் படிக்க வைத்தது அண்ணன் என்பதை அவள் மறந்ததில்லை. அதனால்தான் கூப்பிட்டபோதெல்லாம் வாயைத் திறக்காமல் போய் ரத்தம் கொடுத்தாள், ஸ்கேனுக்குப் படுத்தாள். ஒரே ஒருநாள்தான் கேட்டாள்.

"உங்களுக்கும் அதே குரூப்தானே மன்னி? நீங்க டெஸ்ட் பண்ணிண்டேளா?"

"நான் படுத்துண்டா வீட்டை யார் பாத்துப்பா? ஷ்ரேயஸுக்கு வேற பொண்ணு பாத்துண்டிருக்கோம்."

மகன் ஷ்ரேயஸ் பக்கத்திலேயே கராடியில் வேலை பார்த்தான். அவன் கொடுப்பதைப் பற்றிய பேச்சே எழவில்லை.

எல்லாம் பொருந்தியது என்று தெரிந்ததும் ஸ்ரீலக்ஷ்மி வார்டு முழுக்கப் பேடா கொடுத்தாள். மறுநாள் பெண் டாக்டர் ஜோஷி பாமாவை மட்டும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். கொடுப்பவரைத் தனியாகக் கேட்டாக வேண்டும் என்றார், இந்தியில்.

"இதில் உங்களுக்கு விருப்பம்தானா?"

இத்தனை நாளில் இதைக் கேட்ட முதல் ஆள் இந்த அந்நிய மனுஷி. அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது கோபம்.

"இல்லை," என்றாள்.

டாக்டர் அதிர்ச்சி காட்டவில்லை. "கவலைப்படாதீர்கள். உங்கள் உடம்புக்கு ஒத்துவராது என்று நான் சொல்லிவிடுகிறேன். வீட்டில் உங்களுக்குத் தொந்தரவு இருக்காது."

சுலபமான வழிதான். பாமா கொஞ்சம் யோசித்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

"வேண்டாம் டாக்டர். என் உடம்பில் ஒரு குறையும் இல்லை. மாட்டேன் என்றே சொல்லுங்கள். இல்லை, நானே சொல்கிறேன்."

வெளியே எல்லோரும் காத்திருந்தார்கள். சொன்னாள். ஸ்ரீலக்ஷ்மி தலையில் அடித்துக்கொண்டாள். "கூடப் பொறந்தவனைக் கொல்றியேடி!"

"அண்ணாவை டயாலிஸிஸுக்கு அழைச்சிண்டு போகணுமா, நான் வரேன். ராத்திரி கூட இருக்கணுமா, இருக்கேன். ஆனா என்னை ஒரு வார்த்தை கேக்காம என் உடம்பைப் பங்கு போட்டேளே, அதுக்கு நான் ஆளில்லை."

வெங்கடேஸ்வரன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொந்தக்காரர்கள் போனை எடுப்பதை நிறுத்தினார்கள். ஷ்ரேயஸின் நிச்சயதார்த்தத்துக்கு அவளுக்கு அழைப்பில்லை. பாமா அசரவில்லை. சொன்னபடியே பள்ளி விட்டதும் ஆஸ்பத்திரிக்குப் போய், ஊசிக்குழாய்களோடு படுத்திருக்கும் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அவள் பரீட்சைத் தாள் திருத்துவாள்.

மழைக்காலம் பாதி போன பிறகு ஒருநாள் அவர் திரும்பினார்.

"உன்னைக் கேட்டிருக்கணும்டி நான்."

"ஆமா, கேட்டிருக்கணும்."

"இப்போ கேட்டா?"

பாமா பேனாவைக் கீழே வைத்தாள். அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு சொல்வது லேசாக இல்லை.

"இப்பவும் மாட்டேன்தான் அண்ணா."

"சரி" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன பேசினாரோ, தீபாவளிக்கு முன்னால் ஸ்ரீலக்ஷ்மி தானாகவே பரிசோதனைக்கு வந்தாள். பொருந்தியது.

ஆபரேஷன் அன்று பாமா லீவு போட்டுவிட்டு வந்தாள். தியேட்டர் வாசலில் மன்னியின் உறவுக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. பாமா அவர்கள் நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.