கிம்ச்சி ஜாடிக் கல்

மோக் கியூசிக்குக்குக் காரணமில்லாமல் சிரிக்கிறவர்களைக் கண்டால் ஆகாது. தென்கொரியாவின் புசான் துறைமுகக் கிடங்கில் நானூறு பெட்டிச் சட்டைகளுக்கு முன்னால் நின்று சொங்பா குழுமத்து மேலாளர் பியோன் சிரித்த சிரிப்பு அவருக்கு அறவே பிடிக்கவில்லை. ஏற்றுமதிச் சரக்கைச் சோதித்து முத்திரை குத்தும் அரசு வேலையில் அவருக்குப் பதினோரு வருஷம். ஒழுங்கான சரக்கு வைத்திருக்கிறவன் இப்படிக் குழைய மாட்டான்.

அரசாங்கம் சொங்பாவுக்கு வைத்த ஏற்றுமதி இலக்கை எட்ட இன்னும் இரண்டே நாள். எட்டினால் ஏற்றுமதி தின மேடையில் விருது, வங்கியில் சொற்ப வட்டிக்குக் கடன், அதில் புதிதாக ஒரு கப்பல் கட்டும் தளம். போன வாரம்வரை பாதிகூட எட்டாத கம்பெனி திடீரென்று நானூறு பெட்டியோடு வந்து நிற்கிறது. வாங்குகிறவன் யாரென்று பார்த்தால், ஹாங்காங்கில் இருக்கும் சொங்பாவின் கிளையேதான்.

"ஒண்ணத் திறங்க," என்றார்.

"எதுக்கு சார் சிரமம்? காபி வரச் சொல்லட்டுமா?"

"காபி கப்பல் ஏறப் போறதில்ல. பெட்டியத் திறங்க."

மேலே இரண்டு அடுக்குச் சட்டை. கீழே முழுக்க வைக்கோல். வைக்கோலுக்கு நடுவே ஓர் ஆற்றுக்கல்.

ஆளைப் பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் ஒரு நொடிதான் இருந்தது. கல்லின் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அவர் வீட்டில் கிம்ச்சி ஊறுகாய் ஜாடியில் கோஸ் மிதக்காமல் இருக்க வைக்கும் கல். போன வருஷம் கைநழுவி அவர் கால் கட்டைவிரலில் விழுந்தபோது பெயர்ந்த சில்லு. நகம் இன்னும் கறுப்புதான். மூன்று நாளுக்கு முன் ஜாடியில் கல்லைக் காணோமே என்று கேட்டபோது, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் போனார்கள் என்றாள் ஒக்புன். அவர் மனைவி. சொங்பாவில் பெட்டி கட்டும் பிரிவுக்கு மேற்பார்வையாளர்.

குரல் மாறாமல் பார்த்துக்கொண்டார்.

"முத்திரைய வீட்ல மறந்துட்டேன். மூணு நாள் கழிச்சு வரேன்."

சந்தேகப்பட்ட சரக்கைப் பார்க்கப் போகும்போது பெயர் முத்திரையை வீட்டு அலமாரியிலேயே விட்டுப் போவது அவர் வழக்கம். யார் நெருக்கினாலும் நழுவிக்கொள்ளலாம், கெடுவும் தாண்டிவிடும். அந்தச் சாமர்த்தியத்தில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

"தெரியும் சார். இன்னிக்கு நிச்சயம் மறப்பீங்கன்னு உங்க வீட்டம்மா சொன்னாங்க," என்ற பியோன், கோட்டுப் பையிலிருந்து அந்த முத்திரையை எடுத்து, துடைத்து, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார். மேஜைமேல் இருந்த சரக்குச் சான்றிதழில் அந்த முத்திரையின் சிவப்பு மை ஏற்கெனவே காய்ந்திருந்தது.

"இந்தச் சான்றிதழ் போலி," என்றார் கியூசிக்.

"அப்படின்னா புகார் எழுதுங்க சார். முத்திரைய எடுத்துக் குடுத்தது யாருன்னும் அதுலயே எழுதிடுங்க."

எழுதினால் ஒக்புன் சிறைக்குப் போவாள். எழுதாவிட்டால் பதினோரு வருஷமும் பொய். கியூசிக் பேனாவைத் தொடவில்லை. கல்லை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வழியெல்லாம், அவளை எப்படிக் கேட்பது என்றே யோசித்துக்கொண்டு போனார்.

கேட்க வேண்டியிருக்கவில்லை. முற்றத்தில் கோஸுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்த ஒக்புன் நிமிர்ந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கல்லைத்தான் பார்த்தாள்.

"இத ஏங்க தூக்கிட்டு வந்தீங்க? அந்தப் பெட்டி எடை குறையுமே."