வந்தவர்களுக்கு நாலு ஜப்பான் சொல்

சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஆள் பிடிக்க வந்த ஜப்பான் சிப்பாய் என் புருஷன் இராமையாவைப் பார்த்து முதலில் "ஒஹாயோ" என்றான். காலை வணக்கமாம்! அன்று மலாயாத் தோட்டத்தில் லாரி ஏறியவர் திரும்பவே இல்லை. என் வயிற்றில் இருந்த வீரம்மா அப்பன் முகம் பார்க்காமலே பிறந்தாள். சண்டை முடிந்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு இலங்கையில் டயகமத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த அண்ணனிடம் வந்தேன்.

அவளுக்குப் பதினாறு முடிந்த வருஷம் தோட்டத்துக் கிளாக்கர் பேரின்பநாயகம் என்னைக் கூப்பிட்டார். தேயிலை வாங்க ஜப்பான்காரர்கள் வருகிறார்களாம்.

"காளியாயி, உனக்கு அந்தப் பாசை தெரியுமெண்டு சொல்லுகினம். பொம்பிளையளுக்கு நாலு சொல் பழக்கிவிடு. துரையின்ர விருப்பம்."

"என் வாயால வராதுங்கய்யா."

"அப்ப உன்ர மகளின்ர பேர் செக்ரோலில ஏறாது."

செக்ரோலில் பேர் இல்லாதவளுக்குத் தோட்டத்தில் வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு லயத்து வாசலில் பெண்களை நிறுத்தினேன். ஒஹாயோ கொசாய்மாஸ், காலை வணக்கம். அரிகத்தோ, நன்றி. சயோனாரா, போய் வாங்க. அவர்கள் கிக்கிக்கென்று சிரித்தார்கள். இழுத்து அறையலாம் போல வந்தது. ஜப்பான்காரனின் பிரம்படியில் நான் படித்த பாஷை இவர்களுக்கு விளையாட்டாகிவிட்டது.

மலாயாவில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் "கெய்ரே" என்று கத்துவார்கள். உடனே இடுப்பு மடங்கக் குனிய வேண்டும். குனியாமல் வணக்கம் சொல்லும் வழி எனக்குத் தெரியாது. அதையும் சேர்த்தே பழக்கினேன்.

அவர்கள் வந்த காலை, பெரட்டுக் களத்தில் "கெய்ரே!" என்று கத்தினேன். அத்தனை பெண்களும் மடங்கினார்கள். துரை கைதட்டினார். வந்தவர்களில் நரைத்த தலைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. முகம் வெளுத்து என்னிடம் வந்தார்.

"மலாயா?" என்றார்.

"சயாம் ரயிலு. எம்புருஷன்," என்றேன்.

சயாம் என்ற சொல்லிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. என் முன்னால் இடுப்பு மடங்கக் குனிந்தார்.

"நீயும் குனி! மகளின்ர பேரை யோசி," என்று கிளாக்கர் என் காதில் சீறினார்.

பக்கத்தில் வீரம்மா இன்னும் குனிந்தபடி இருந்தாள். தோளைப் பிடித்துத் தூக்கினேன்.

"நிமிருடி. வேல போனா போகுது. அந்தாளு ஒங்கப்பனுக்குக் குனியறாரு, குனியட்டும்."