கண்ணாடி ஏற, கீழே அமுக்கவும்

"உன் கை சின்னதுதானே?"

சித்தப்பா என்னிடம் கேட்ட கேள்வி இது. அதுவரை யாரும் என் கையைப் பற்றி விசாரித்ததில்லை. கையைத் திருப்பிப் பார்த்தேன். சின்னதாகத்தான் இருந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அதோடு அந்தக் கை என்னுடையதாக இல்லாமல் போயிற்று. அன்று முழுக்க அது காருக்குச் சொந்தமாக இருந்தது.

எங்கள் காரில் ஓட்டுகிறவர் பக்கத்து ஜன்னல் கண்ணாடி பாதியில் நின்றுபோயிருந்தது. சுவிட்சை மேலே தூக்கினாலும் கீழே அமுக்கினாலும் கதவுக்குள்ளிருந்து கர்ர் என்று தொண்டையைக் கனைக்கும், அவ்வளவுதான். அன்று மத்தியானம் அம்மாவுக்கு டிரைவிங் டெஸ்ட். சொந்த வண்டியைக் கொண்டுபோக வேண்டும், கையை வெளியே நீட்டி சிக்னல் காட்ட வேண்டும். ஜன்னல் வேலை செய்யாத வண்டிக்கு டெஸ்ட் கிடையாது என்று டெஸ்ட் நடக்கிற மைதானத்து வாசலில் பலகையே வைத்திருக்கிறார்கள்.

அம்மா முன்பே ஒருமுறை தோற்றிருந்தாள். கிளட்சிலிருந்து காலை எடுத்ததும் வண்டி எகிறி எகிறிப் போனது. "நீங்க ஓட்டுறது காரா, தவளையா?" என்று கேட்டாராம் அதிகாரி. வீட்டுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் அப்பா இதைச் சொல்லிச் சிரித்தார். இந்தத் தடவையும் தோற்றால் லைசென்ஸ் பேச்சையே எடுக்க மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அப்புறம் காலம் முழுக்க, எங்கே கிளம்பினாலும், அப்பா குளித்து, தலை வாரி, பேப்பரைப் புரட்டி, சாவியைத் தேடி முடிக்கும் வரை அவள் வாசலில் பையோடு நிற்க வேண்டியதுதான்.

"மெக்கானிக்கிட்ட விடுங்க. நீங்க அதுல கை வைக்க வேணாம்," என்றாள் காலையில்.

இதில்தான் சிக்கல். அப்பாவிடம் ஒரு வேலை ஆக வேண்டுமென்றால் அம்மா எப்போதும் "வேணாம்" என்றுதான் சொல்லுவாள். "தண்ணித் தொட்டியை இன்னைக்குக் கழுவ வேணாம், உங்களால முடியாது" என்றால் அடுத்த நிமிஷம் அப்பா வாளியோடு மொட்டை மாடியில் இருப்பார். அன்று அவள் நிஜமாகவே வேண்டாம் என்றாள். அப்பாவுக்கு எப்படித் தெரியும்? சித்தப்பாவுக்குப் போன் போட்டுவிட்டார்.

சித்தப்பா ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். "மோட்டார்னா மோட்டார்தான் அண்ணே. மேல தொங்கினா ஃபேன், கதவுக்குள்ள இருந்தா ஜன்னல்," என்று சொல்லிக்கொண்டே வந்து இறங்கினார். பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கடையில் வாங்கிய மோட்டாரும் ரெகுலேட்டரும் அவருடைய கோணிப்பையில் இருந்தன. கண்ணாடியைத் தூக்கி இறக்குகிற அந்த ரெகுலேட்டர், கம்பியும் கப்பியும் தகரப் பட்டையுமாக, மடக்கத் தெரியாதவன் மடக்கிய குடை மாதிரி இருந்தது.

முதலில் கதவின் உள்பக்கத்து அட்டையைக் கழற்ற வேண்டும். அப்பா ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினார். டப். டப். டப்.

"அண்ணே, அது என்ன சத்தம்?"

"கிளிப்பு கழலுற சத்தம்."

"கழலுற சத்தமா, உடையுற சத்தமா?"

அப்பா குனிந்து ஒரு வெள்ளைத் துண்டைப் பொறுக்கினார். திருப்பிப் பார்த்தார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "கழலுற சத்தம்தான்," என்றார்.

அட்டைக்குப் பின்னால் தகரம். தகரத்தில் ஓட்டைகள். அதன் வழியாகக் கையை விட்டுத்தான் எல்லாமே செய்ய வேண்டும். அப்பாவின் கை உள்ளே போயிற்று, திரும்பி வரவில்லை. சோப்பு போட்டுத்தான் எடுத்தார்கள். சித்தப்பாவின் கை உள்ளேயே போகவில்லை. அப்போதுதான் இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதிலிருந்து, எந்த நேரத்தில் திரும்பினாலும் கிடைக்கிற ஆள் நான் ஒருத்திதான்.

உள்ளே இருட்டு, கிரீஸ், மண். எப்போதோ காணாமல் போன அப்பாவின் சீப்புகூட இருந்தது. கண்ணாடியின் அடிவிளிம்பைக் கண்டுபிடித்து உள்ளங்கையால் தாங்கிக்கொண்டேன். சித்தப்பா போல்ட்டுகளைக் கழற்றினார். ஒன்று நழுவி கதவின் அடியில் கிணிங் என்று விழுந்தது.

சித்தப்பா என்னை 'மூச்சு' என்றுதான் கூப்பிடுவார், நான் மூச்சு விடமாட்டேன் என்பதால். "மூச்சு, ஏதாவது விழுந்துச்சா?"

தலையை ஆட்டினேன். ஆமாம் என்றுதான் ஆட்டினேன். அவர் என்னைப் பார்க்காமல் ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் விழலையாம் அண்ணே."

பழைய குடை வெளியே வந்தது, புதிய குடை உள்ளே போனது. ஆனால் புதிய மோட்டாரின் பிளக் எங்கள் காரின் பிளக்கில் சேரவில்லை. ஒன்று சதுரம், ஒன்று நீளம். சித்தப்பா இரண்டு பிளக்கையும் கத்தரித்துவிட்டு ஒயர்களை நேரடியாக முறுக்க ஆரம்பித்தார்.

"எது எதோட சேரணும்னு பாருடா," என்றார் அப்பா.

"எத்தனை ஃபேன் மாட்டியிருக்கேன். ரெண்டு ஒயரை எப்படி மாத்திக் கொடுத்தாலும் ஒரே பக்கம்தான் சுத்தும். இதுக்குப் போய் ஜாதகம் பாக்கணுமா?"

முறுக்கிய இடத்தில் சுற்ற டேப் வேண்டும். டேப் எடுக்க சித்தப்பா உள்ளே போனார். டேப் எங்கே இருக்கிறது என்று காட்ட அப்பா உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் டேப்போடு வந்து சுற்றினார்கள். சுற்றினார்கள் என்றால், அடிபட்ட காலுக்குக் கட்டுப் போடுவது போலச் சுற்றினார்கள். அப்புறம் கை கழுவ உள்ளே போனார்கள். இந்தத் தடவை வரவில்லை.

நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புதிய ரெகுலேட்டரில் அதை இன்னும் முடுக்கவில்லை. விட்டால் கீழே போய்விடும்.

அம்மா டெஸ்டுக்கென்று இஸ்திரி போட்டுவைத்த புடவையில் வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள்.

"என்னடி பண்றே?"

"கண்ணாடியைப் புடிச்சிருக்கேன்."

"அவங்க எங்க?"

கையால் காட்ட வழியில்லை. மூக்கால் வீட்டைக் காட்டினேன். உள்ளேயிருந்து தட்டில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது.

"ஒரு குரல் குடுக்கக் கூடாதா?"

"சாப்பிட்டிட்டிருந்தாங்க."

அம்மா என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, மிகவும் சாந்தமாகச் சொன்னாள். "நீங்க ரெண்டு பேரும் நிதானமா சாப்பிடுங்க. அவசரமே இல்லை. நான் டெஸ்டுக்குப் போகலை."

எச்சில் கையோடு இருவரும் ஓடி வந்தார்கள்.

போல்ட்டுகளை முடுக்கினார்கள். ஒன்று குறைந்தது. "கம்பெனிக்காரன் எப்பவும் ஒண்ணு அதிகமாத்தான் போடுவான்," என்றார் சித்தப்பா. என் கை வெளியே வந்தது. அப்பா சாவியைத் திருகி, சுவிட்சை மேலே தூக்கினார். கண்ணாடி கீழே இறங்கியது.

"மேல தூக்குங்க அண்ணே."

"மேலதான்டா தூக்கறேன்."

"அப்ப கீழ அமுக்குங்க."

அப்பா கீழே அமுக்கினார். கண்ணாடி கம்பீரமாக மேலே ஏறியது. மூவரும் அது ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஃபேன்ல இப்படி வராது," என்றார் சித்தப்பா.

"இது ஃபேன் இல்லை தம்பி," என்றாள் அம்மா.

"அஞ்சு நிமிஷம் குடுங்க அண்ணி, டேப்பைப் பிரிச்சு மாத்திக் கட்டிடறேன்."

"உங்க வம்சத்து அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியும்." அம்மா உள்ளே உட்கார்ந்து சுவிட்சைத் தூக்கிப் பார்த்தாள், அமுக்கிப் பார்த்தாள். "நான் ஒண்ணு சொல்லுவேன், அது நேர்மாறா நடக்கும். இது எனக்கென்ன புதுசா?"

அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னாள். அப்பா சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அட்டையைத் திரும்ப மாட்டும்போதுதான் அந்த டப் டப் டப் எல்லாம் கணக்கில் வந்தது. பிடிக்க ஒரு கிளிப்புகூட மிச்சமில்லை. விட்டால் அம்மாவின் மடியில் சாயும். இருவரும் மறுபடி என் பக்கம் திரும்பினார்கள். நான் அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, சீட்டுக்கும் கதவோரத் தூணுக்கும் நடுவே கையை விட்டு, இரண்டு விரலால் அட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

மைதானம் வரை அப்பா பக்கத்து சீட்டில் இருந்துகொண்டு, அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். வண்டி எகிறும்போதெல்லாம் கதவுக்குள் விழுந்த போல்ட்டு கிணிங் என்றது.

"என்ன சத்தம்?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் இல்லையே," என்றார் சித்தப்பா.

"போல்ட்டு," என்றேன் நான். சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் அம்மாவின் முகம் தெரிந்தது. தலையைக் கொஞ்சம் கதவுப் பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டே ஓட்டினாள். ஒவ்வொரு கிணிங்குக்கும் அவள் காலை இன்னும் மெதுவாக எடுப்பது தெரிந்தது.

மைதானத்தில் அப்பாவும் சித்தப்பாவும் இறங்கி வேலியோரம் நின்றார்கள். அதிகாரி ஏறினார். அம்மாவைப் பார்த்ததும், "தவளைதானே நீங்க?" என்றார்.

"ஆமாங்க."

பெல்ட் போட்டுக்கொண்டு நிமிர்ந்தவர் அட்டையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். "அந்தக் கை யாருது?"

"என் பொண்ணுங்க. கதவைப் புடிச்சிருக்கா."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் இன்னொரு கையால் வணக்கம் வைத்தேன். பாதி வணக்கம்தான்.

"விட்டா என்னாகும்?"

"கதவுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. அட்டை என் மேல விழும். நான் கத்துவேன். உங்களுக்குத்தான் சிரமம்."

அதிகாரி கொஞ்ச நேரம் யோசித்தார். கையை எண்ணிக்கையில் சேர்ப்பதா வேண்டாமா என்று பார்த்தார் போலிருக்கிறது. "சரி, கை இருக்கட்டும். வண்டியை எடுங்க."

அம்மா கிளட்சிலிருந்து காலை எடுத்தாள். தூங்குகிற குழந்தையின் தலைக்குக் கீழிருந்து கையை உருவுவது போல எடுத்தாள். வண்டி நகர்ந்தது. போல்ட்டு பேசவில்லை.

"வலது பக்கம் கை காட்டுங்க." அம்மா சுவிட்சைத் தூக்கினாள், கண்ணாடி இறங்கியது, கையை நீட்டினாள். "போதும், தூசி வருது, ஏத்துங்க." கீழே அமுக்கினாள், ஏறியது.

அதிகாரி அவள் விரலையே பார்த்தார். "கீழ அமுக்கினா மேல போகுது?"

"எங்க வீட்டுல அப்படித்தாங்க."

"எங்க வீட்டுலயும்," என்றார் அவர், தனக்குத்தானே.

வளைவில் திருப்பினாள், ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தாள், பின்னால் போனாள். என் விரல் மரத்துப்போயிற்று. கடைசி வளைவில் கிணிங் என்று ஒரே ஒரு தடவை. அம்மா பல்லைக் கடித்தாள். அதிகாரி காதைத் தீட்டினார். "என்ன அது?"

"போல்ட்டுங்க. எகிறினா சொல்லும்."

"இவ்வளவு நேரம் உள்ளதான் இருந்துச்சா?"

"உள்ளதாங்க இருந்துச்சு."

அதிகாரி காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அம்மாவிடம் நீட்டினார். "அதை எடுத்துடாதீங்க," என்று சொல்லி இறங்கினார்.

நானும் இறங்கி விரலை உதறினேன். அப்பாவும் சித்தப்பாவும் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். அம்மா காகிதத்தை ஜன்னல் வழியே நீட்டினாள். அப்பா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"பாஸா?" என்றார். "நிஜமாவா?"

"நம்ம மோட்டார் எப்படி, அண்ணி?" என்றார் சித்தப்பா.

அப்பா காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு, எப்போதும் சொல்வதைச் சொன்னார். "சரி, எறங்கி அந்தப் பக்கம் உக்காரு. ரோட்டுல ஒரே கூட்டம். நான் ஓட்டறேன், உனக்கு..."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். சாய்ந்துவந்த அட்டையை முழங்காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டாள். விரலைச் சுவிட்சில் வைத்துக் கீழே அமுக்கினாள்.

"ஏற்கெனவே எறங்கித்தானே இருக்கு, எதுக்கு இன்னும்..." என்றார் அப்பா.

கண்ணாடி ஏறியது. அப்பா கையை எடுத்துக்கொண்டார். அவருடைய மீதிப் பேச்சு வெளியிலேயே நின்றுவிட்டது. வண்டி கிளம்பி, எங்கள் மூவரையும் தாண்டி, மைதானத்து வாசலில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, ரோட்டில் திரும்பியது. கதவுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அம்மாவிடமிருந்தும் வரவில்லை.