லிஃப்ட்காரரும் பதினொரு டப்பாக்களும்

...இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, தலையில் அடித்துச் சத்தியம் செய்யலாம், அடுத்தவர் தலையில் அல்ல, சொல்கிறவனின் சொந்தத் தலையில், முடி இல்லாததால் சத்தமும் நன்றாகவே கேட்கும்... ஆக, எதை எடுப்பது எதை விடுவது என்று காலையிலிருந்து ஜன்னல் முன்னால் நிற்கிறார் லிஃப்ட்காரர், பதினொரு பழைய பிளாஸ்டிக் டப்பாக்கள், பதினொரு செடிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு இனம், ஒவ்வொரு குணம். என்ஜின் ஆயில் கேனில் இருப்பது கண்மூடித் திறப்பதற்குள் ஒரு முழம் ஏறும், சத்தமே வராது. பசை டப்பாச் செடி ஜன்னல் கம்பியைப் பிடித்தால் பிடித்ததுதான், பிரிக்க ஆள் வைக்க வேண்டும். இருமல் மருந்து பாட்டிலில் வளர்வது விடிந்ததும் இரண்டு தடவை கனைக்கும், அது நீங்கதான் என்பாள் மனைவி, அவளுக்குச் செடிகளின் உடம்பைப் பற்றி என்ன தெரியும்... ஃபினாயில் பாட்டில் பக்கம் பூச்சி அண்டாது, சொந்தக்காரரும் அண்டியதில்லை. ஓரத்தில் ஐஸ்கிரீம் டப்பா. அதில் ஏழு வருஷமாக நாலே இலை, ஒன்று கூடவில்லை, ஒன்று உதிரவில்லை, அப்படியே உறைந்து உட்கார்ந்திருக்கிறது.

“என்னங்க, வேன்காரர் ரெண்டு தடவை ஹாரன் அடிச்சாச்சு. பால்கனியில ஒரே ஒரு டப்பாவுக்குத்தான் இடம்னு அவ சொன்னாளா இல்லையா? ஒண்ணைத் தூக்கிட்டு வாங்களேன், என்னமோ பரீட்சை எழுதுற மாதிரி நிக்கிறீங்க!”

அவள் என்றால் மகள். சொன்னதும் அம்மாவிடம்தான், ஏழு வருஷமாக இவரைக் கூப்பிடுவதில்லை, கூப்பிட்டிருந்தாலும் இவர் போனை எடுத்திருக்க மாட்டார், இரண்டும் ஒன்றா என்ன... ஆறாவது மாடி மூலையில் இந்த ஒற்றை அறை, முப்பத்தோரு வருஷம் இதே கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியதற்குக் கொடுத்தது, இப்போது லிஃப்டுக்குத் தானாகவே போகவரத் தெரிந்துவிட்டது, காலி பண்ணுங்கள் என்றுவிட்டார்கள். என் வீட்டுக்கு வந்து இருங்கள் என்றது மகள்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால் இவர் வேண்டாம் என்ற வேலைக்கு, இவர் வேண்டாம் என்ற ஊருக்கு, பெட்டியோடு இவருடைய லிஃப்டிலேயே ஏறினாள். நடுவில் நிறுத்தியிருக்கலாம், சுவிட்ச் எங்கே என்று இவருக்குத் தெரியாதா? “எந்த மாடி?” என்று கேட்டார், பழக்கதோஷம். “கீழ” என்றாள். ஆறு மாடி, முப்பத்தெட்டு நொடி, அன்றைக்கு முப்பத்தெட்டு நிமிஷம் இறங்கியது, அவ்வளவு நேரம் இறங்கினால் கட்டடத்துக்கு அடியில் ஊற்றுத் தண்ணீரே வந்திருக்க வேண்டும். காலையில் அவள் மூன்று பேருக்கென்று வாங்கி வைத்த ஐஸ்கிரீமைச் சாயங்காலம் இரண்டு பேர் தின்று தீர்த்தார்கள். பிறகு டப்பாவைக் கழுவி, ஆணியைச் சுடவைத்து அடியில் ஓட்டை போட்டு... இதை எடுத்துப் போனால் பார்த்ததும் தெரிந்துகொள்வாள், குத்திக்காட்டுகிறார் என்று நினைப்பாளா, மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைப்பாளா, இவருக்கே எது என்று தெரியுமா? ஆயில் கேனை எடுத்தால் ஒன்றுமே நினைக்கமாட்டாள். நினைக்காமல் விட்டுவிட்டால்?

ஐஸ்கிரீம் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லிஃப்டுக்குள் வந்தபோது மனைவி டப்பாவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், முந்தானையால் டப்பாவின் விளிம்பில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தாள். கதவு தானாக மூடியது. “எந்த மாடி?” என்றது அவர் வாய்.

“கீழதாங்க. பின்ன மேலயா போகப்போறோம்? பொத்தானை அமுக்குங்க.”

விரல் பொத்தானுக்குப் போய் நின்றது... அன்றைக்கு எந்த மாடி என்று கேட்டவர் எந்தத் தெரு, எந்த வீடு, எப்போது வருவாய் என்று கேட்டிருந்தால், முப்பத்தெட்டு நிமிஷம் இருந்ததே, மகளும் அதற்காகத்தான் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாளோ...

பதினொன்றுமே, மகள் இதே ஜன்னலில் ஒரு தண்ணீர் பாட்டிலில் விட்டுப்போன ஒரே மணி பிளான்ட் கொடியை, அவள் போன மறுநாள் காலையில் ஒரே கத்தரிக்கோலால் அவர் வெட்டி நட்டவை.