பாதியில் நிற்கும் கதவு

ஞாயிற்றுக்கிழமை வேனைப் பார்க்க ஆள் வருகிறது என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது நான் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் நாய்த் துண்டு. மாதக்கணக்காக எந்த நாயும் அவற்றில் துவட்டிக்கொள்ளவில்லை. ஆனாலும் துவைத்து மடித்து வைப்பதை நான் விடவில்லை.

"யாரைக் கேட்டு வரச் சொன்னீங்க?"

"உன்னைக் கேட்டா நீ சரின்னா சொல்லப்போறே?" என்றார்.

வீடு வீடாகப் போய் நாய் குளிப்பாட்டுவதுதான் என் தொழில். வேனுக்குள்ளேயே தொட்டி, வெந்நீர், முடி உலர்த்தும் மெஷின் எல்லாம் உண்டு. ஈரக் காற்று வெளியே போக அதன் தலையில் ஒரு காற்றாடிப் பெட்டி. தெருவில் அதற்கு வைத்த பெயர் நடமாடும் பாத்ரூம். நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் மண்ணைப் போட்டது ஒரு நாய்தான். கன்றுக்குட்டி உயரம் இருக்கும் அது. அதன் வீட்டில் நடக்கிற உபசாரத்தைப் பார்த்து நான் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தேன். சோப்பு நுரையோடு மாப்பிள்ளை துள்ளினார், நான் தொட்டியின் விளிம்பில் விழுந்தேன், வலது தோள் எலும்பு முறிந்தது.

எலும்பு சேர்ந்துவிட்டது, வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முடியாது என்று சொன்னது எங்கள் கார் ஷெட்டின் கதவு. பலகை பலகையாக மேலேறிக் கூரையை ஒட்டிப் படுத்துக்கொள்கிற கதவு அது. முன்பெல்லாம் ஒரு கையில் போனைப் பிடித்துப் பேசிக்கொண்டே மறு கையால் தூக்கிவிடுவேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, இரண்டு கையையும் கொடுத்தாலும் முழங்காலுக்கு மேல் அது வரவில்லை. எத்தனை வாரம் பயிற்சி செய்தும் அதே கதைதான்.

"கதவையே தூக்க முடியலை. நாளைக்கு ஒரு நாய் துள்ளினா எப்படிப் பிடிப்பே?" என்று அவர் கேட்டார். எதற்கும் பதிலை நாக்கு நுனியில் வைத்திருப்பவள் நான். அன்று மட்டும் வீட்டுக்குள்ளிருக்கும் சின்னக் கதவு வழியாக ஷெட்டுக்குப் போனேன். யாருக்கும் கேட்காதபடி வேனுக்குள் உட்கார்ந்து அழுதேன். தோள் போய்விட்டது என்று நானும் நம்பிவிட்டேன்.

ஆனால் வேனைப் பார்க்க ஆள் வருகிறது என்றதும் ஒரே வீம்பு. "கதவுக்கு மோட்டார் போட்டுக்கிறேன். நாயை நான் பார்த்துக்கிறேன்" என்றேன்.

"போட்டுக்கோ. ஞாயித்துக்கிழமை ஆள் வருவான்" என்றார் அவர். அவர் குரல் உயர்த்துகிற ஆளில்லை, அதுதான் அவரோடு சண்டை போடுவதில் உள்ள கஷ்டம்.

வியாழக்கிழமை என் கொழுந்தன் வந்தான். கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான், அதனால் உலகத்தில் உள்ள எல்லா மெஷினும் தனக்குச் சொந்தபந்தம் என்று நினைப்பு. ஷெட்டை அண்ணாந்து ஒரு பார்வை பார்த்தான், முடிவு சொல்லிவிட்டான்.

"கூரை நடுவுல மோட்டாரைத் தொங்கவிட்டு, ஒரு தண்டவாளம் கொடுத்தாப் போதும் அண்ணி. எல்லாரும் அதான் போடுறாங்க."

"எல்லார் வீட்டு வண்டிக்கும் தலையில பெட்டி இருக்கா? நீ தொங்கவிடப்போற இடத்துலதான் என் காற்றாடி வந்து நிக்கும். முதல் நாளே முட்டிக்கும்."

ஏணி போட்டு ஏறிப் பார்த்தான். பெட்டிக்கும் கூரைக்கும் நடுவில் அவன் கைதான் நுழைந்தது. இறங்கி வந்து, "அப்ப சுவத்துல மாட்டுறதுதான்" என்று அதையும் தானே கண்டுபிடித்த மாதிரி சொன்னான். கதவுக்கு மேலே குறுக்காக ஓர் இரும்புத் தண்டு ஓடுகிறது. அதன் நுனியில், பக்கத்துச் சுவரில் இந்த மோட்டாரைப் பூட்டினால் அது தண்டையே சுழற்றிக் கதவை ஏற்றிவிடும். கூரை காலியாகவே இருக்கும்.

கதவு மோட்டார் விற்கிற கடைக்குப் போன் போட்டேன். எடுத்த பெண்ணுக்குச் சின்னக் குரல், ஆனால் கேள்வி ஒவ்வொன்றும் அளந்து வந்தது. தண்டின் நுனி எந்தப் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, அந்தப் பக்கம் சுவரில் எவ்வளவு இடம், பக்கத்தில் பிளக் பாயிண்ட் உண்டா என்றெல்லாம் கேட்டாள். இடது பக்கம் தண்ணீர்க் குழாய் போகிறது. வலது பக்கம் என் ஷாம்பு அலமாரி. அலமாரியை நகர்த்திக்கொள்ளலாம், குழாயை நகர்த்தினால் வீடே நகரும் என்றேன். அவள் சிரித்துவிட்டு, "கடைசியா ஒண்ணு மேடம். கதவைப் பாதி தூக்கி விட்டா, அங்கேயே நிக்குதா?" என்றாள்.

"கதவு எப்படிங்க நிக்கும்? விழும்."

"நிக்கணும் மேடம். கதவைத் தூக்குறது மோட்டார் இல்லை, மேல இருக்கிற ஸ்பிரிங். அது சரியா இருந்தா சின்னப் பிள்ளைகூடத் தூக்கும். அது சரியில்லாம மோட்டார் மாட்டினா மோட்டார் போயிடும். கீழ டயர் ஏதாச்சும் வச்சுட்டு, கால் படாமத் தள்ளி நின்னு பாருங்க. ஸ்பிரிங்கை மட்டும் தொட்டுறாதீங்க."

போனை வைக்காமலே கொழுந்தனைக் கூப்பிட்டேன். பழைய டயர் ஒன்றை உருட்டிவந்து கதவுக்கு அடியில் போட்டான். "தள்ளுங்க அண்ணி, தினமும் ஜிம்முக்குப் போற கை இது" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

முழங்கால் வரை பேசிக்கொண்டே தூக்கினான். தொடை வரை வந்ததும் பேச்சு நின்றது. இடுப்புக்கு வந்தபோது முகம் தக்காளியாகிவிட்டது. கையை எடுத்ததும் கதவு டயர்மேல் தடாலென்று விழுந்தது. ஷெட்டே அதிர்ந்தது.

"என்னா கனம்" என்றான், மூச்சு வாங்கிக்கொண்டு. "இதையா நீங்க தினமும்..."

டார்ச்சை எடுத்து ஏணியில் ஏறினேன். தண்டின்மேல் இரண்டு ஸ்பிரிங் சுற்றியிருந்தது. வலது பக்கத்தது முழுசாக இருந்தது. இடது பக்கத்து ஸ்பிரிங்கின் நடுவில் என் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி.

"டிசைனே அப்படி இருக்கும் அண்ணி" என்றான் கீழேயிருந்து.

"அது உடைஞ்சு கிடக்குடா" என்றேன்.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அது உடைந்திருக்க வேண்டும். வீட்டில் அப்போது யாரும் இல்லை. உடைந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. திரும்பி வந்த நான் கதவு கனமானதைப் பார்க்காமல் கை பலமிழந்ததாக நினைத்துவிட்டேன்.

எனக்குக் கோபம் வந்தது. அதுவும் நேராக என் வீட்டுக்காரர்மேல்தான் வந்தது. அவர் தினமும் சாயங்காலம் இந்தக் கதவைத் திறந்து வேனைக் கிளப்பிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு மூடுவார். பேட்டரி இறங்கிவிடுமாம். விற்கப்போகிற வண்டிக்கு எதற்கு இந்தச் சீராட்டு என்று நான் குத்தலாகக்கூடக் கேட்டிருக்கிறேன். தினமும் தூக்குகிறவருக்குக் கனம் தெரியாதா?

வேலை முடிந்து வந்தவரை வாசலிலேயே பிடித்தேன். "கதவு கனமா இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவர் திருதிருவென்று விழித்தார். கொழுந்தன் டார்ச் அடித்து உடைந்த ஸ்பிரிங்கைக் காட்டினான். அவர் அதைப் பார்த்துவிட்டு மெதுவாக இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த நாள்லேர்ந்தே கனமாத்தான் இருந்துச்சு. ஆஸ்பத்திரி நாற்காலியில தூங்கித் தூங்கி இடுப்பு போச்சுன்னு நினைச்சேன். அப்புறம் வயசாயிடுச்சுன்னு நினைச்சேன்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"நீ தோளைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தே. நான் வேற இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வந்து நிக்கணுமா?"

கொஞ்ச நாளாக அவர் சட்டையில் அடித்த தைல வாசனை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆபீஸில் யாரோ பக்கத்து சீட்டுக்காரர் தடவுகிறார் என்று சொல்லிவைத்திருந்தார்.

சனிக்கிழமை அந்தக் கடையிலிருந்து ஸ்பிரிங் மாற்றுகிற மெக்கானிக் வந்தார். இரண்டையும் மாற்றினார், வலது பக்கம் மோட்டாருக்கு இடம் குறித்துவிட்டுப் போனார். நான் கதவைத் தொடவில்லை. தொட்டுப் பார்க்கப் பயம். ஒருவேளை ஸ்பிரிங்கும் உடைந்து, என் தோளும் உடைந்ததாக இருந்தால்?

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி ஆள் வந்துவிட்டார். வேனில் பழச்சாறு விற்கப்போகிறாராம். நாய்த் தொட்டியில் பழச்சாறா என்று கேட்க வந்தேன், அடக்கிக்கொண்டேன்.

"வண்டியைக் காட்டுங்க" என்றார். பழக்கத்தில் என் வீட்டுக்காரர் கதவுக்குக் குனிந்தார்.

"தள்ளுங்க" என்றேன்.

வலது கையை மட்டும் கைப்பிடியில் கொடுத்து இழுத்தேன். இடுப்பு வரை வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை எடுத்தேன். கதவு நின்றது. ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அழக் கூடாது என்று நினைத்தேன், கண் கேட்கவில்லை.

"என்ன, பாதியில நிக்குது? ரிப்பேரா?" என்றார் வந்தவர்.

"இல்லைங்க, சரியாயிருக்கு" என்றார் என் வீட்டுக்காரர். "மன்னிச்சுக்கங்க, வண்டி விக்கிறதா இல்லை. நாளைக்குக் காலையில அதுக்கு வேலை இருக்கு."

நான் திரும்பிப் பார்த்தேன். நான் யாரிடமும் வேலை ஒப்புக்கொண்டிருக்கவில்லை.

"மாப்பிள்ளை வீட்டுக்கு நேத்தே போன் பண்ணிட்டேன்" என்றார். "உனக்கப்புறம் வேற யார் கையிலயும் அது குளிக்க மாட்டேங்குதாம். நாறுதாம்."

வந்தவர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். நியாயம்தான், அவர் ஞாயிற்றுக்கிழமை வீண்.

"இப்ப மோட்டார் வேண்டாம்தானே?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"வேணும். என் தோளுக்கு இல்லை, உங்க இடுப்புக்கு."

குனிந்து உள்ளே போய் வேனில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். ஒரே திருகில் கிளம்பியது. மாதக்கணக்காகச் சும்மா நின்ற வண்டி அது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் மிச்சக் கதவை மேலே தள்ளிக்கொண்டிருந்தார், ஒற்றைக் கையால்.