ஐம்பத்தைந்தாயிரம் வருஷமும் பதினோரு நொடியும்

என் அக்காவின் மகன் தையல் மெஷினுக்கு அடியில்தான் வளர்கிறான். இரண்டு வயது. போன மாதம் அவன் உள்ளங்காலில் ஊசி ஏறியது. அக்கா உட்பட முப்பத்தெட்டுத் தையற்காரர்கள் சேர்ந்து நடத்தும் கூடம் அது. பின்பக்கம் ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது. அதில் பழைய துணிமூட்டைகளைப் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிபவர் சங்கத் தலைவர் டேப் மாமா. கழுத்தில் அளவெடுக்கும் டேப் தொங்காமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அந்த அறையைக் குழந்தைகளுக்குத் திறந்துவிடுவேன் என்று சொல்லித்தான் அக்கா அவரை எதிர்த்துத் தேர்தலில் நின்றாள்.

போன தடவை ஓட்டை எண்ணியதே மாமாதான் என்ற முணுமுணுப்பு இருந்ததால், இந்தத் தடவை போனில் ஓட்டு. யாராலும் அழிக்க முடியாத பொதுக் கணக்கேடான பிளாக்செயினில், அதற்கான ஸ்மார்ட் கான்ட்ராக்டை, அதாவது தானே இயங்கும் நிரலை, எழுதியது நான். ஏற்றிவிட்டால் எழுதியவள் நினைத்தாலும் ஒரு புள்ளியை மாற்ற முடியாது, குறித்த நேரத்தில் தானே ஓட்டை மூடி முடிவைச் சொல்லும் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன். நேரம் வந்தது. ஓட்டு மூடவில்லை.

கான்ட்ராக்ட் நேரத்தை 1970-லிருந்து நொடி நொடியாக எண்ணும். நான் கொடுத்திருந்தது மில்லிநொடியில். மூன்று சைபர் அதிகம். ஓட்டு மூட இன்னும் ஐம்பத்தைந்தாயிரம் வருஷம் இருந்தது! அதுவரை டேப் மாமாதான் தலைவர். சோதித்துப் பார்க்காமல் ஏற்றிய கொழுப்புக்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஒரே ஒரு வழி இருந்தது. முப்பத்தெட்டுப் பேரும் சம்மதம் அழுத்தினால் தேர்தல் ரத்தாகும் என்று ஒரு விதி எழுதி வைத்திருந்தேன். வீடு வீடாக ஏறி இறங்கினேன். மூன்று நாளில் முப்பத்தேழு சம்மதம். பாக்கி மாமா.

“என் பதவிக்கு நானே உலை வைக்கணுமா? போம்மா.”

“நீங்க அழுத்துற வரைக்கும் வருவேன் மாமா.”

வந்தேன். அடுத்த ஐந்து நாளும் அவர் கூடத்தைத் திறக்கும்போது நான் வாசலில் நின்றேன். ஆறாம் நாள் அவரே கேட்டார்: “தப்பு யாரோடதுன்னு சொல்லியிருக்கே?”

“சிஸ்டம் கோளாறுன்னு.”

“உண்மையைச் சொல்லு. எல்லார் முன்னாடியும். அப்புறம் அழுத்தறேன்.”

துணி வெட்டும் மேஜை மேல் ஏறி நின்றேன். “மூணு சைபர் அதிகமாப் போட்டது நான். சோதிக்காம ஏத்தினதும் நான்தான்.” முகம் பற்றி எரிந்தது. மாமா சொன்ன சொல் தவறாமல் அழுத்தினார்.

புதிய கான்ட்ராக்டை இருபது தடவை சோதித்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மூடும். “சுவர்க் கடிகாரத்தை நம்பாதீங்க. நீங்க அழுத்துற நேரம் கணக்கில்ல, ஓட்டு பிளாக்ல, அதாவது பிளாக்செயின் பதிவுல, ஏறுற நேரம்தான் கணக்கு. நாலரைக்குள்ள போட்டுடுங்க!” என்று தொண்டை வற்றக் கத்தினேன்.

முடிவு வந்தது. அக்காவுக்குப் பத்தொன்பது, மாமாவுக்குப் பதினெட்டு. விடுபட்ட ஓட்டு மாமாவுடையதே. கையிலிருந்த சட்டையின் பித்தான் துளைகளுக்குக் காஜா எடுத்து முடித்துவிட்டு நாலு ஐம்பத்தொன்பதுக்கு அழுத்தியிருக்கிறார். அது பிளாக்கில் ஏறும்போது ஐந்து மணி தாண்டிப் பதினோரு நொடி. கான்ட்ராக்ட் ஏற்க மறுத்துவிட்டது. ஏற்றிருந்தால் சரிசமம், சமமானால் சங்க வழக்கப்படி பழைய தலைவரே தொடர்வார்.

அவர் என்னிடம் வந்தார். “நீ ஐம்பத்தஞ்சாயிரம் வருஷம் தப்புப் பண்ணே, பொறுத்துக்கிட்டேன். எனக்காகப் பதினோரு நொடி பொறுக்க மாட்டியா?”

விதி எங்கள் பக்கம், நியாயம் அவர் பக்கம். சாவி கைமாறும் வரை ரத்து செய்யும் வழியும் திறந்தே இருந்தது. அக்காவைப் பார்த்தேன். அவள் போனை எடுத்து, ரத்துக்கு முதல் ஆளாகச் சம்மதம் அழுத்தினாள்.

“மறுபடி போடலாம் மாமா. பதினோரு நொடியில ஜெயிச்சவள்னு எனக்குப் பேர் வேணாம். எத்தனை தடவை வேணும்னாலும் நிப்பேன்.”

மெஷினுக்கு அடியில் பையன் காலி நூல்கண்டு ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்த மாமா, இடுப்பிலிருந்து சாவியை உருவி அக்காவின் மெஷின் மேல் வைத்தார்.

“வேணாம்மா. உன் தங்கச்சி தேர்தலை நடத்தி முடிக்கிறதுக்குள்ள இவனுக்கு மீசை முளைச்சிடும்.”

கூடமே சிரித்தது. நான்தான் அழுதேன்.